மந்திரியை ஏன் அங்கே வெச்சே?

பத்து வயதுச் சிறுமி அவள். இத்தாலியன் ஓப்பனிங்கின் முதல் எட்டு நகர்த்தல்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டுத்தான் அந்தச் செஸ் போட்டிக்குப் போனாள். எதிரில் இருந்த பையனோ, இரண்டாவது நகர்த்தலில் குதிரையை எடுக்காமல் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அவளுக்குக் கை ஓடவில்லை. இருபது நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது.

``இனிமே செஸ்ஸே வேணாம்ப்பா'' என்று அழுதவள் முன்னால், அன்றிரவு அப்பா போர்டை விரித்தார்.

``மந்திரியை எதுக்கு சி4-ல வைக்கிறோம்?''

பதில் இல்லை.

``எஃப்7-ல இருக்கிற கறுப்புச் சிப்பாயைப் பாரு. ஆரம்பத்துல அதுக்கு ராஜாவைத் தவிர வேற காவலே கிடையாது. மந்திரி அதைத்தான் குறி வைக்குது. அந்தப் பையன் வேற காயை நகர்த்தினதால அது மாறிடுச்சா?''

``இல்லப்பா...''

அன்று முதல் ஒவ்வொரு காய்க்கும் ஒரு `ஏன்' கேட்டார்கள். சிப்பாய் நடுக்கட்டத்தைப் பிடிக்க. குதிரை அதற்குத் துணை நிற்க. காஸ்லிங், ராஜாவைப் பத்திரமாக ஓரம் சேர்க்க.

அடுத்த போட்டியிலும் அவள் ஜெயிக்கவில்லை, டிராதான். ஆனால், ஓடி வந்து சொன்னாள்:

``அவன் புதுசா ஆடினான்ப்பா. நான் பயப்படல, ஏன்னு யோசிச்சேன்!''