சொந்த ஊரில் வாடகை அறை

விடுதி மேலாளர் நான்கு பிரிட்டிஷ் கடவுச்சீட்டுகளையும் வரிசையாக மேஜைமீது பரப்பினார். மூன்றைப் புரட்டிவிட்டு நான்காவதில் நின்றார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'சந்திரகிரி' என்று இருந்தது.

"இந்த ஊர்க்காரராச்சே சார். அப்புறம் எதுக்கு ரூம்?" என்று தெலுங்கில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கடவுச்சீட்டின் சொந்தக்காரருக்குப் பதில் வரவில்லை. திருப்பதி ரயில் நிலையத்துக்கும் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கும் நடுவில், நகரத்தின் நெரிசலான மையத்தில் அவர் அறை கேட்டு நின்றது 2024 ஆகஸ்டில். அங்கிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் சந்திரகிரி. அங்கே கோட்டைக்குப் போகும் வழியில் அவர் பிறந்த வீடு இன்னமும் இருக்கிறது. அண்ணன் அதில்தான் குடியிருக்கிறார்.

ஊரைவிட்டுப் போய் 26 ஆண்டுகள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆய்வுக்கூட வேலை. மனைவி வேலூர்க்காரர். மகளுக்கு 17 வயது, மகனுக்கு 14. முன்பு இரண்டு முறை வந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் பிரச்சினை முடிந்தது. இந்த முறை லெஸ்டரிலேயே மகள் நிபந்தனை போட்டுவிட்டாள். கூடத்தில் படுக்க முடியாது. உடை மாற்ற ஒரு கதவு வேண்டும், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும்.

கேட்டது அதிகமில்லை. ஆனால் கிடைப்பது கடினம். வளர்ந்த பிள்ளைகளோடு பயணம் போகும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே மலிவு விடுதிகள் பலவற்றில் 'குடும்ப அறை' என்பது இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்ற கணக்கு. பிள்ளைக்கு 16 ஆனதும் அது பெரிய ஆள், இன்னோர் அறைக்குக் காசு எடு என்கிறார்கள். திருப்பதியில் கணக்கு தலைகீழ். ஒரே குடும்பம்தானே, ஒரு டபுள் ரூமில் 'எக்ஸ்ட்ரா பெட்' இரண்டு போட்டால் போதாதா என்கிறார்கள். அங்கே பிள்ளை சட்டென்று பெரியவராகிவிடுகிறது. இங்கே எத்தனை வயதானாலும் பிள்ளைதான். இரண்டு கணக்கிலும் 17 வயதுப் பெண்ணுக்கு இடமில்லை.

திருப்பதி தங்குமிடங்களுக்குப் பஞ்சமான ஊரும் அல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே தேவஸ்தானத்தின் விஷ்ணு நிவாசம், பஸ் நிலையத்தின் அருகே ஸ்ரீநிவாசம், திருமலையில் 50 ரூபாய் வாடகை முதல் அறைகள், அதுவும் கிடைக்காதவர்களுக்கு லாக்கருடன் கூடிய பெரிய மண்டபங்கள். எல்லாம் யாத்ரீகரை மனதில் வைத்துக் கட்டியவை. யாத்ரீகருக்கு அறை என்பது குளித்து, பையை வைத்து, தரிசன வரிசைக்குப் போகும்வரை தலை சாய்க்கும் இடம். பல தனியார் விடுதிகளிலும் காலை எட்டு மணிக்கு வந்தால் மறுநாள் எட்டு மணிவரை என்ற 24 மணி நேரக் கணக்குதான். அங்கே நான்கு நாள் தங்கி, கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிக்க நினைக்கும் பெண்ணை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கடைசியில் மூன்றாவது மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள் கிடைத்தன. அப்போதும் ஒரு சிக்கல். 18 வயது நிரம்பாதவர் பெயரில் அறை எழுத முடியாது என்றார் மேலாளர். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு விவரம் அனுப்பியாக வேண்டும். அவர் தரப்பில் நியாயம் இருந்தது. எனவே அம்மாவும் மகளும் ஓர் அறை, அப்பாவும் மகனும் ஓர் அறை. தனி அறைக் கனவு பாதிதான் பலித்தது. தாழ்ப்பாள் மட்டும் இருந்தது.

அன்றிரவே அண்ணனிடமிருந்து போன் வந்தது. "லாட்ஜிலயா இறங்கியிருக்கே?" என்று ஒரு கேள்வி. அதற்குமேல் எதுவும் பேசவில்லை. தம்பி காரணங்களை அடுக்கினார். திருப்பதியில் இருந்தால் மலைக்குப் போக வசதி, பிள்ளைகளுக்கு வைஃபை வேண்டும், அண்ணிக்கு எதற்கு வேலை. எல்லாம் உண்மை. ஒன்றுகூட அண்ணனின் கேள்விக்குப் பதில் இல்லை. உறவு வீடு இருக்கும் ஊரில் விடுதியில் தங்குவது சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவது மாதிரி. அதைத் தமிழில் மகளுக்குச் சொல்ல முடிந்தது. ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை நால்வரும் சந்திரகிரிக்குப் போனார்கள். அண்ணன் வாசலில் இல்லை. கடைக்குப் போயிருப்பதாக அண்ணி சொன்னார். வரும்வரை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகச் சொன்னார்.

பாறை மலையின் அடிவாரத்தில் ராஜ மகால் மூன்று தளங்களோடு நிற்கிறது. மரத்தின் துணையின்றிக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மாளிகை. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பக்கத்திலேயே ராணி மகால். "ராணிக்கே தனி வீடு இருந்திருக்கு பார்" என்றாள் மகள், தம்பியிடம். அப்பா சிரித்தார். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

தங்குமிடத்துக்காக அலைந்தவர்களின் கதைகள் சந்திரகிரிக்குப் புதிதல்ல. கிருஷ்ணதேவராயர் தம்பி அச்சுத தேவராயரைக் காவலில் வைத்தது இந்தக் கோட்டையில்தான். அவர் வெளியே வந்து பட்டம் சூடியது 1529-ல். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் அரச குடும்பம் முதலில் பெனுகொண்டாவுக்கும் பின்னர் சந்திரகிரிக்கும் குடிபெயர்ந்தது. தலைநகரை இழந்தவர்களுக்கு இந்த மலையடிவாரம் புகலிடமானது. 1639-ல் சந்திரகிரி அரசருக்குக் கீழ்ப்பட்ட நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடலோரமாகத் துண்டு நிலம் கேட்டு வாங்கினார். அதில் எழுந்தது சென்னை. அந்தக் குடித்தனக்காரர்கள் காலி செய்ய 308 ஆண்டுகள் ஆயின.

அவருடைய ஊர்கூட இடம் மாறாமலே முகவரி மாறியிருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தில் இருந்தது, 1953-ல் ஆந்திராவுக்குப் போனது. சித்தூர் மாவட்டம் என்றே எழுதிப் பழகிய சந்திரகிரி 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவரிடம் சொந்த ஊர் எது என்று லெஸ்டரில் யாராவது கேட்டால் ஒரு வரியில் முடிவதில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் திண்ணையில் இருந்தார். பிள்ளைகளிடம் பேசினார். தம்பியிடம் பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"நீ லாட்ஜிலே இருக்கேன்னு உங்க பெரியப்பாவுக்குக் கோபம். எனக்கு இல்லே கண்ணு. பெருமாளே புதுசா கல்யாணமாகி வந்தப்ப இதோ ஸ்ரீநிவாச மங்காபுரத்துலே ஆறு மாசம் இன்னொருத்தர் இடத்துலேதான் இருந்தாரு. அப்புறம் மலைமேலே போய் வராக சாமிகிட்ட நூறடி இடம் கேட்டாரு. குடுக்கக் காசில்லே. முதல் பூஜை உனக்குன்னு வாக்குக் குடுத்தாரு. இன்னிக்கும் வராக சாமியைப் பார்த்துட்டுத்தான் பெருமாளைப் பார்க்கணும்னு சொல்றது அதுக்குத்தான்."

ஸ்ரீநிவாச மங்காபுரம் சந்திரகிரியிலிருந்து சில கிலோமீட்டர்தான். பத்மாவதியை மணந்த சீனிவாசர் அகத்தியரின் ஆசிரமத்தில் ஆறு மாதம் தங்கினார் என்பது தலபுராணம். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன். தங்குவதற்கு முனிவரின் இடம். குடியேற வராகரின் நிலம். இவ்வளவு கடன்பட்ட தெய்வத்தின் ஊரில் வாடகை அறைக்காக வெட்கப்பட வேண்டுமா என்பதுதான் அண்ணியின் வாதம். அதைப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி திண்ணைக்கும் கேட்கும்படி சொன்னார்.

பெண் சற்று யோசித்தாள். "வராக சாமிக்குக் கொடுத்த மாதிரி நாங்களும் ஏதாவது கொடுக்கணுமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கே வந்து படு. போதும்."

வெள்ளிக்கிழமை இரவு வந்தார்கள். அண்ணி தன் படுக்கையறையைப் பெண்ணுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அந்தக் கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் பளபளத்தது. முதல் நாள் கடையிலிருந்து வாங்கி வந்து திருகியவர் பெரியப்பா. அவர்கள் வந்த காலையில் வாசலில் இல்லாமல் போனதும் அதற்காகத்தான். ஏன் வீட்டில் தங்கவில்லை என்று அவர் போனில் கேட்காமலே இருந்துவிட்டார். தம்பி மகனிடமிருந்து காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

அன்று இரவு அண்ணனும் தம்பியும் மொட்டை மாடியில் படுத்தார்கள். அதிகம் பேசவில்லை. பாகாலா பக்கம் போகும் ரயிலின் சத்தம் கேட்டது. "இன்னும் அதே நேரத்துக்குத்தான் போகுதா?" என்றார் தம்பி. "நேரம் மாத்திட்டாங்க" என்றார் அண்ணன்.

கீழே அறைக் கதவு தாழிடப்படவே இல்லை. பெரியம்மாவும் உள்ளே வந்து படுக்க வேண்டும் என்று பெண் திறந்தே வைத்திருந்தாள்.