கோப்பும் ஒளியும்

மத்திய அரசு அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றேன். பயின்றது வரலாற்றில் பி.ஏ.; விஞ்ஞானம் என் துறையன்று. ஆயினும், ஆராய்ச்சி மானியம் கோரும் விண்ணப்பங்கள் என் மேசையைக் கடந்தே மேலிடம் செல்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் இளம் ஆய்வாளர் ஒருவர் தம் மானியத்தை ஓராண்டு நீட்டிக்க வேண்டியிருந்தார். உயிரணுவினுள் நிகழ்வதை ஒளியால் காட்டிக்கொடுக்கும் சாயமொன்றை அவர் உருவாக்கி வந்தார். ‘விதிகளில் இடமில்லை’ என்று குறிப்பெழுதினேன், மேலதிகாரி கையொப்பமிட்டார். குறிப்பில் பிழையேதுமில்லை. மறு ஆண்டு அனுபவச் சான்றிதழ் கேட்டு அவரிடமிருந்து கடிதம் வந்தது. விற்பனைப் பிரதிநிதி வேலைக்காம்.

அவர் தேடியது யாதென அறியும் ஆவல் அதன் பின்னரே எனக்கு எழுந்தது. இத்துறையின் முன்னோடியான ரோஜர் சியென், 1985-ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ‘ஃபூரா-2’ என்னும் சாயத்தை வெளியிட்டார். கால்சியத்தைப் பற்றியதும் அது உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் மாறும். இரு அலைநீளங்களில் ஒளியூட்டி, எழும் ஒளிர்வுகளின் விகிதத்தைக் கொண்டு, உயிருள்ள அணுவில் கால்சியம் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

பின்னர் அவர் ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தை நாடினார். அதனை 1962-இல் உலகுக்கு அறிவித்தவர் ஒசாமு ஷிமோமுரா. அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். மேற்கொண்டு ஆராயப் பொருளுதவி கிட்டாத பிராஷர், கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் சியெனுக்கும் அம்மரபணுவை மனமுவந்து அனுப்பிவைத்தார். வேற்றுயிர்களிலும் அப்புரதம் ஒளிர்வதை 1994-இல் சால்ஃபி காட்டினார். சியென் அதற்குப் பல வண்ணங்கள் தந்தார். கால்சியத்தை உணரும் கருவியாகவும் ஆக்கினார்.

2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வேளை பிராஷர், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில், கார் விற்பனை நிலையமொன்றின் வாடிக்கையாளருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்! சால்ஃபியும் சியெனும் தம் செலவில் அவரையும் அவர் மனைவியாரையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்தனர். 2012-இல் சியென் தம் ஆய்வகத்திலேயே அவருக்குப் பணியும் அளித்தார்.

பிராஷருக்கு ஒரு சியென் வாய்த்தார். என் கோப்பிலிருந்த இளைஞருக்கு வாய்த்தது என் குறிப்பு ஒன்றே.

விதி இன்றும் மாறவில்லை. நானும் அதை மீறுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கின்றேன். ‘இடமில்லை’ என்று எழுத நேர்ந்தால், வேறு எத்திட்டத்தின் கீழ் இதனைப் பரிசீலிக்கலாம் என்று இன்னொரு பத்தியும் சேர்க்கின்றேன். பெரும்பாலும் அப்பத்தி அடிக்கப்பட்டே திரும்புகின்றது. ஒருமுறை மட்டும், ‘ஆவன செய்க’ என்று வந்தது. அன்று மாலை பேருந்துக்குக் காத்து நின்றது எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை.