பிழை காட்டும் வழி

நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், பழைய கையெழுத்துக் கிதாபுகளை ஒப்புநோக்கும் முறையை உஸ்தாத் கற்பித்தார். இரு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே நுக்தா விடுபட்டிருப்பின், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கும். அன்றேல் இரண்டிற்கும் மூலம் ஒன்றாயிருக்கும். பிழையே வழி சொல்லும் என்பார் அவர்.

காசநோயின் பரவலைத் துருவும் அறிஞர்களும் இன்று இவ்வழியையே மேற்கொள்கின்றனர். அக்கிருமியின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகளாலானது. கிருமி பெருகுகையில் அவை படியெடுக்கப்படுகின்றன; சராசரியாக இரண்டாண்டுக்கு ஓரெழுத்தே மாறுகிறது. இருவரின் கிருமிகளிடையே வேற்றுமை மிகுதியெனில், அவர்களிடையே அண்மைத் தொற்று நிகழவில்லை. மிகக் குறைவெனில், ஒருவரிடமிருந்து மற்றவருக்கோ, மூன்றாமவர் ஒருவரிடமிருந்து இருவருக்குமோ தொற்றியிருக்கலாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஊரில் மூன்றாண்டுகள் நீடித்த பரவலை இவ்வாறு ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். பழைய சோதனை, யாவும் ஒரே கிருமி என்றது. விசாரணையிலும் தோற்றுவாய் புலப்படவில்லை. 36 மாதிரிகளின் மரபணுவை முழுமையாக வாசித்தபோதோ, ஒன்றெனக் கருதியது இரு கிளைகள் எனத் தெளிந்தது. இரண்டும் பரவலுக்கு முன்பே அங்கு இருந்தவை. ஆதலின் மாறியது கிருமியன்று, மக்கள் வாழ்வே என்று கருதினர். கொக்கெய்ன் புகைக்கும் பழக்கம் அக்காலத்தில் அவ்வூரில் பெருகியிருந்தது. யார் யாருடன், எங்கே பழகினர் என்று நோயாளிகள் சொன்னவற்றோடு சேர்த்துப் பார்த்தபோதே மரபணுவின் சான்று முழுமை பெற்றது.

இதனைப் படிக்கையில் நம் சாச்சி நினைவில் வந்தார். அவர் மணமாகி வந்த மறு ஆண்டில் பாட்டியாருக்குக் காசநோய் கண்டது. சாச்சிக்கு முன்னரே இருமல் இருந்ததால், 'நோயைக் கொண்டு வந்தவள்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. இறக்கும்வரை அது நீங்கவில்லை. இக்கிருமி உடலில் பல்லாண்டுகள் உறங்கிப் பின் விழித்தெழக் கூடியது. முதலில் இருமியவரே முதலில் நோயுற்றவர் என்பதற்கு உறுதியில்லை. பாட்டியாரிடமிருந்தே சாச்சிக்கு வந்திருத்தலும் கூடும். எவரும் ஆராயாமலே தீர்ப்பு வழங்கினோம். அவ்வீட்டில் நாமும் இருந்தோம், வாய் திறந்தோமில்லை.

அன்பர்களே! பழிக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர். மறைத்த நோய் பரவும். வழித்தடம் தேடுவது குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று. இன்னும் மருந்து கிட்டாதவரைக் கண்டு குணப்படுத்துவதற்கே.