ஓடையை மூடுதல்

கான்சாபுரத்திலிருந்து அப்பா எனக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் 41. அவற்றைத் தட்டச்சு செய்து, கடிதத்துக்கு ஒரு கோப்பாக வைத்திருந்தேன். அனைத்தையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவைக்க ஜாவாவில் சிறு நிரல் எழுதினேன். ஜிப்பில் சேர்ந்த கோப்பை உடனே அழித்துவிடும் வரியையும் புத்திசாலித்தனமாகச் சேர்த்திருந்தேன். நிரல் எந்த முனகலுமின்றி ஓடி முடிந்தது. மறுநாள் திறந்தபோது, இது ஜிப்பே அல்ல என்றது கணினி.

இதற்கென ஜாவாவில் உள்ள வகுப்பு ஜிப்அவுட்புட்ஸ்ட்ரீம். ஸ்ட்ரீம் என்றால் ஓடை. போன நீரைத் திரும்ப அழைக்க முடியாததைப் போல, எழுதிய பைட்டுக்குத் திரும்பிச் சென்று திருத்த அதற்கு வழியில்லை. முதலில் கோப்பின் பெயர், பிறகு சுருக்கிய உள்ளடக்கம். சுருக்கி முடித்த பின்புதான் அளவு தெரியும் என்பதால் அது உள்ளடக்கத்துக்குப் பின்னால் வருகிறது. எல்லாக் கோப்புகளுக்குமான பொருளடக்கம் கடைசியில். ஃபில் காட்ஸ் 1989இல் வகுத்த வடிவம் இது. ஜிப்பைத் திறக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் வாலிலிருந்தே படிக்கத் தொடங்கும். ஓடையை மூடும் குளோஸ் கட்டளையைக் கொடுத்தால்தான் பொருளடக்கம் எழுதப்படும். நான் கொடுக்கவில்லை.

நல்லவேளையாக, இணை வகுப்பான ஜிப்இன்புட்ஸ்ட்ரீம் பொருளடக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. முதலிலிருந்து வரிசையாகப் படிக்கும். அதைக்கொண்டு 40 கடிதங்களை மீட்டேன். அடுத்த கோப்பைத் தொடங்கும்போது முந்தையதை அது தானே முடித்துவைத்ததால் பிழைத்தவை அவை. கடைசிக் கடிதத்துக்கு அடுத்தது இல்லை. அதன் பெயர் மட்டும் இருந்தது. உள்ளடக்கம் வட்டுக்கு வராமல் நினைவகத்திலேயே தங்கி, நிரலோடு மறைந்துவிட்டது.

மூலக் கடிதங்கள் ஊரில் அக்காவிடம் இருந்தன. தொலைபேசியில் அழைத்து அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு சொன்னியேடா?"

பதில் சொல்லவில்லை. அவள் படிக்கப் படிக்கத் தட்டச்சு செய்தேன். கண்மாய் வறண்டது, தென்னைக்கு உரம் வைத்தது, கால்வலியால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போகாதது. கையொப்பம் வந்ததும் நிறுத்தினேன்.

"இருடா, ஒட்டுற மடிப்புல பக்கவாட்டுல ஒரு வரி இருக்கு."

'நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. நீதான் வரவில்லை.'

முதல்முறை தட்டச்சு செய்தபோது இந்த வரியைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. கடிதம் கையொப்பத்தோடு முடிந்துவிட்டதென்று இருந்திருக்கிறேன்.

நிரலில் குளோஸ் சேர்த்தேன். அழிக்கும் வரியை நீக்கினேன். ஜிப் இப்போது திறக்கிறது. மற்ற 40 கடிதங்களின் மடிப்புகளையும் பார்க்க ஊருக்குப் போகவேண்டும்.