ஓரியின் மலையில் அரை நாள்

வியட்நாமின் கடற்கரை நகரமான நா ட்ராங்கில் அரை நாளுக்குத் தனி வண்டி பேசிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குன்றின் அடியில் இறங்குகிறார்கள். காய் ஆறு கடலில் சேருமிடத்தில் உள்ள அந்தக் குன்றின்மேல் போ நகர் கோபுரங்கள் நிற்கின்றன. சம்பா அரசர்கள் செங்கல்லில் எழுப்பியவை. 774இல் கடல்வழியே வந்த கொள்ளையர் அங்கிருந்த பழைய மரக் கோயிலை எரித்துப் போட்டார்கள். பத்தாண்டுகளில் சத்தியவர்மன் அதை மீண்டும் கட்டினான். 918இல் இந்திரவர்மன் பகவதிக்குப் பொன்னால் சிலை வைத்தான். கெமர் படை அதைத் தூக்கிக்கொண்டு போனது. 965இல் பொன்னுக்குப் பதில் கல் வந்தது. பிறகு சம்பா என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. அங்கு குடியேறிய வியட்நாமியர் அந்தத் தேவியைக் கைவிடவில்லை. தங்கள் அம்மனாக, தங்கள் மொழியில் வேறு பெயர் சூட்டி, இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். ஆண்ட குலமும் பேசிய மொழியும் மாறின. அம்மன் அதே மேட்டில் இருக்கிறாள்.

இதே கதை நம் கொல்லிமலையிலும் நடந்திருக்கிறது. அதைப் பார்க்கவும் அரை நாள் போதும். ஆனால் மலைக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் பார்க்காமலேயே இறங்கிவிடுகிறார்கள்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்துச் செம்மேட்டுக்கு வந்தால் வாடகை வண்டி கிடைக்கும். ஓட்டுநர் கையில் ஒரு வாய்ப்பாட்டுப் பட்டியல் இருக்கும்: ஆகாய கங்கை, மாசிலா அருவி, நம்ம அருவி, சீக்குப்பாறை வியூ பாயின்ட், வாசலூர்பட்டி படகுத்துறை. குளிக்கலாம், படகில் போகலாம், மேகத்தோடு படம் எடுத்துக்கொள்ளலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாமே அழகான இடங்கள்தான். ஆனால் கடைச்சங்கப் பாடல்களில் இத்தனை முறை பெயர் வரும் மலைகள் தமிழகத்தில் அதிகம் இல்லை. அப்படிப்பட்ட ஒரு மலைக்கு வந்து, அங்கே ஒரு வரலாறு இருக்கிறது என்ற நினைப்பே எழாமல் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் புறநானூற்றில் அவனைக் காட்டும் விதம் ஒரு சிறுகதைக்கு ஒப்பானது. பாணர் கூட்டம் ஒன்று காட்டில் நடந்துபோகிறது. ஒரு வேட்டுவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய் நிற்கிறது. யாரென்று தெரியாமலேயே அவர்கள் அவன்முன் பாடுகிறார்கள். அவன் தன் பெயரைச் சொல்லவில்லை. சுட்ட இறைச்சியும் கள்ளும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிடத்திலேயே அள்ளிக் கொடுக்கிறான். கொடுத்த கையை வைத்துத்தான் அவன் ஓரி என்று நமக்குத் தெரிகிறது.

அந்த ஓரியின் முடிவு சோகமானது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் பக்கம் நின்ற மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். ஒரு வள்ளலைக் கொன்றவன் இன்னொரு வள்ளல். காரியும் அந்த எழுவரில் ஒருவன்தான் என்பது நம் இலக்கியத்தின் ஆறாத புண்களில் ஒன்று. அதற்குப் பிறகு கொல்லி சேரர்களின் பெருமைக்குரிய உடைமையாகிவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து, பெருமாள் திருமொழி பாடிய குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லியின் காவலர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார்.

சரி, ஓரியின் அரண்மனை எங்கே, கோட்டை எங்கே? கல்லில் எதுவும் இல்லை. செம்மேட்டில் நிற்கும் ஓரி சிலை நம் காலத்தது. தமிழகத்தில் கல்லைக் குடைந்து கோயில் செய்யும் வழக்கத்தையே பிற்பாடு ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன்தான் பெருவாரியாகக் கொண்டுவந்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று மண்டகப்பட்டில் அவன் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அப்படியென்றால் அதற்கு முந்தையவர்கள் செங்கல்லிலும் மரத்திலும் சுதையிலும்தான் கட்டியிருக்கிறார்கள். கொல்லியின் மழையில் மரமும் மண்ணும் எத்தனை காலம் தாங்கும்?

அதனால் மலையின் பழைய கல் கட்டடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குத்தான் போக வேண்டும். ஓரி கட்டிய கோயில் என்று சொல்வார்கள். நம்பிக்கை நம்பிக்கையாக இருக்கட்டும். இப்போது நிற்கும் கட்டடமும் அதன் கல்வெட்டுகளும் சோழர் காலத்தைச் சேர்ந்தவை. தேவார ஆசிரியர்கள் அறைப்பள்ளி என்று பெயர் சுட்டிய வைப்புத் தலம் இதுதான். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த ஈசனை முன்னிறுத்தித்தான். சமவெளியில் இருந்தபடி திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த அந்தச் சதகத்தின் தலைவன் இவ்வளவு உயரத்தில், இவ்வளவு சிறிய கோயிலில் இருக்கிறான் என்பதை நேரில் பார்க்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

கோயிலுக்குள் நுழைந்ததும் கர்ப்பக்கிரகத்துக்கு ஓடிவிடாமல் ஒரு சுற்று மெதுவாக நடந்து வாருங்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், கல் வரிசையின் நீளத்துக்கு, எழுத்துகள் ஓடுகின்றன. பல தலைமுறைக் கைகள் தடவிய எண்ணெயும் விபூதியும் எழுத்தின் பள்ளத்தில் நிறைந்து, வெளிச்சம் சாய்வாக விழும் காலையில் மட்டும் சில எழுத்துகள் தெளிந்து தெரியும். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது, வெறும் கருங்கல். அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அந்த அரை நாள் காலையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். எழுத்தின் மேல் திருநீற்றைக் கொட்டும் வழக்கத்தை நாம் விட்டுவிட்டால் நல்லது. கொடுத்தவர் பெயரும் கொடை விவரமும் அழியக் கூடாது என்றுதானே அவர்கள் கல்லில் வெட்டினார்கள்.

கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. அதன் மீன்களுக்குப் பொரி போடாமல் யாரும் திரும்புவதில்லை. பிடித்து அறுத்துச் சமைத்த மீன்கள் ஈசன் அருளால் மறுபடி ஒன்றுசேர்ந்து ஆற்றில் குதித்தன என்பது தலபுராணம். இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. கறுத்த முதுகுகள் நெருக்கியடித்துக்கொண்டு படித்துறைக்கே வருகின்றன. ஆடிப் பதினெட்டுக்கு நாமக்கல், சேலம், திருச்சிப் பக்கத்து மக்கள் இந்த ஆற்றில் முழுக வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். இதே ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கையாக விழுந்து, மலையின் மறுபக்கம் புளியஞ்சோலையில் வெளிப்படுகிறது. அருவியின் அடிவரை போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறுவதற்குள் உங்கள் அரை நாள் முடிந்துவிடும். கோயிலா அருவியா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் ஓட்டு கோயிலுக்கு.

அடுத்து எட்டுக்கை அம்மன். மலைமக்கள் இவளைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள்.

கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் திரும்பத் திரும்ப நினைவுகூர்கிறார்கள். மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வமோ பூதமோ செய்து வைத்த பெண்ணுருவம். தலைவியின் அழகைச் சொல்ல வேறு உவமை கிடைக்காதபோது அவர்கள் இவளிடம் வருகிறார்கள். பரணர் ஒரு நற்றிணைப் பாட்டில் இவளைப் பற்றிச் சொல்வது என்னை எப்போதும் நிறுத்திவிடும். காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அசைந்தாலும் அந்த உருவம் சிதையாது என்கிறார். தலைவனின் மனத்தில் பதிந்த பெண்ணைப் பற்றிய பாட்டு அது. ஆனால் மலையைப் பற்றியும் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஓரி போனான், சேரன் வந்தான், சோழன் வந்தான். பாவை மட்டும் இன்றும் பூசை பெறுகிறாள்.

பரணர் பாடிய உருவமும் இன்று எட்டுக் கையோடு அமர்ந்திருப்பவளும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. சிற்ப இலக்கணப்படி நிச்சயம் ஒன்றல்ல. சங்கப் பாவைக்கு எட்டுக் கை என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. போ நகரிலும் அப்படித்தான்: மரம், பொன், கல் என்று மாறி மாறி வந்த உருவங்களில் எது முதல் பகவதி? உருவம் உடையும், களவு போகும், புதிதாக வரும். அம்மன் இங்கே இருக்கிறாள் என்று ஒரு மலை விடாமல் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறதே, நாம் காப்பாற்ற வேண்டிய பழமை அதுதான்.

இப்படிப் பெயர் மாறி உயிர் வாழ்ந்த தெய்வங்கள் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் கும்பிட்ட சிலை உண்மையில் புத்தர் சிலை என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்துச் சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துக் கோடாரிகள் பிள்ளையார் கோயில்களில் பூசைப் பொருளாக இருந்ததை, ஏற்காட்டில் வாழ்ந்த தொல்லியலறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்திருக்கிறார். தாங்கள் செய்யாத பழம்பொருளைக் கண்டால் நம் மலை மக்கள் அதை எறிந்துவிடவில்லை, பொட்டு வைத்தார்கள். அருங்காட்சியகங்கள் வருவதற்கு முன் இருந்த காப்பு முறை அது.

எட்டுக்கை அம்மனை விட்டுக் கிளம்பும்போது வண்டி ஓட்டிய இளைஞரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். “எடப்புளி நாடுங்க சார்” என்றார். ஊர்ப் பெயர் கேட்டால் முதலில் நாட்டின் பெயர் வருகிறது. அதற்குப் பிறகுதான் பட்டியின் பெயர்.

கொல்லிமலை முழுவதும் இப்படி நாடுகளாகத்தான் இருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு என்று. இன்று அவை ஊராட்சிகள், மொத்தம் 14. சுற்றுலாப் பட்டியல்களில் எடப்புளி என்ற பெயரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மலையின் மிகப் பெரிய பழஞ்சின்னம் எது என்று என்னைக் கேட்டால், இந்த நாட்டுப் பிரிவைத்தான் காட்டுவேன். சோழர் காலத்தில் சமவெளி முழுக்க வேளாண் ஊர்கள் நாடு நாடாகத்தான் தொகுக்கப்பட்டிருந்தன. நாட்டார் கூடி வரி பேசினார்கள், கொடை கொடுத்தார்கள், தீர்ப்பும் சொன்னார்கள். எ. சுப்பராயலு கல்வெட்டுகளிலிருந்து அந்த நாடுகளின் பெயர்களைத் திரட்டி வரைபடமாக்கி, 1973இல் நூலாக வெளியிட்டார். பெரிய உழைப்பு. சமவெளியில் அந்தப் பெயர்களைக் கல்வெட்டில்தான் தேட வேண்டியிருந்தது. தாலுகாவும் பிர்க்காவும் வந்து மேலே படிந்துவிட்டன. இங்கே வண்டியோட்டி வாயிலேயே இருக்கிறது.

எடப்புளி இளைஞர் இன்னொன்றும் சொன்னார். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் கொல்லிக்கும் மற்றவர்கள் சேர்வராயனுக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று. இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எல்லோரும் சொல்லும் கதை இது. அப்படியானால் ஓரியின் குடிகள் யார், இவர்களோடு அவர்கள் கலந்தார்களா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. “ஓரி எங்க ராசாங்க” என்று முடித்துவிட்டார். சம்பாவின் பகவதியை ஏற்றுக்கொண்ட வியட்நாமியர் போல, வந்தவர்கள் மலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மலையின் பாவையையும் அரசனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஆடி 17, 18 நாட்களில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கு மலை நாடுகள் எல்லாம் திரண்டு வருவது இந்த உரிமையோடுதான்.

அந்த இளைஞரின் வீட்டுக் காட்டில் தாத்தா காலத்தில் சாமையும் தினையும் விளைந்ததாம். இப்போது மரவள்ளி. கிழங்கை லாரியில் ஏற்றினால் கீழே ஜவ்வரிசி ஆலையில் உடனே காசாகிறது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கப் பெண்கள் படும் பாட்டுக்கு அந்தக் காசு வருவதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டு வருகிறது. கோயில் கல்வெட்டைக் காப்பதும் சாமை விதையைக் காப்பதும் எனக்கு வேறு வேறு வேலையாகத் தோன்றவில்லை. இரண்டுமே ஒரு தலைமுறை கவனிக்காமல் விட்டால் திரும்பக் கிடைக்காதவை.

ஆகவே அரை நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே மேலே வந்து தங்குங்கள். விடிந்ததும் அறப்பளீசுவரர் கோயில், அங்கிருந்து எட்டுக்கை அம்மன். அதன்பின் படகுத்துறைக்குப் போகும் நேரத்தை எடப்புளி போன்ற ஒரு நாட்டுக்குக் கொடுங்கள். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அவருடைய நாடு எது என்று கேளுங்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் கோயிலும் திருவிழாவும் எப்படி என்று கேளுங்கள். கேட்பவர் கிடைத்தால் அவர்கள் நிறையவே சொல்கிறார்கள். மலையின் பிள்ளைகள் நாலு பேருக்குக் கல்வெட்டு வாசிக்கவும் சங்கப் பாட்டின் பொருள் சொல்லவும் பயிற்சி கொடுத்து வழிகாட்டி அட்டை வழங்கினால், அருவிக்குக் கூட்டிப் போவதைவிடக் கூடுதலாகவே அவர்களுக்கு வருமானம் கிடைக்கும். சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய, பெரிய செலவு பிடிக்காத காரியம் இது. கிளம்பும்போது சாமை அரிசியைச் செம்மேட்டில் விளைவித்தவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் அந்த 70 வளைவுகளையும் இறங்கிவிடுங்கள்; மேகம் இறங்கிவிட்டால் அடுத்த வளைவு தெரியாது.