நோன்பும் நீரிழிவும்

‘நீரிழிவு’ என்னும் சொல்லின் ஈற்றிலுள்ள ‘இழிவு’ பலரை நாணச் செய்கிறது. இழிதல் என்பதற்கு இறங்குதல் என்பதே பழம்பொருள். அருவி மலையினின்று இழியும் என்பது சங்கச் சான்றோர் வழக்கு. சிறுநீர் மிகுதியாக இழியும் நோயாதலின் இப்பெயர் பெற்றது. தாழ்வு என்னும் கருத்து அதில் இல்லை. ஆயினும் நோயை மறைக்கும் நாணம் நம்மவரிடையே இன்னும் அகலவில்லை. ரமலான் மாதத்தில் அந்நாணம் உயிருக்கே ஊறு செய்துவிடுகிறது.

என் தாய்மாமா பல்லாண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை உண்பவர். ஒரு நோன்பு நாளில், அஸர் தொழுகைக்குப் பின் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின. சர்க்கரை நீரை நீட்டினோம். “பாங்குக்கு இன்னும் அரைமணிதானே!” என்று மறுத்துவிட்டார். பாங்கு ஒலித்தபோது அவருக்கு நினைவில்லை. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய பின்னரே கண் விழித்தார். (நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.)

நிகழ்ந்தது என்ன? உணவில்லாத வேளையில் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவித்து இரத்தத்தில் அதன் அளவைக் காக்கிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ வயிறு காலியாயினும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். ஊசியில் ஏற்றிய இன்சுலினும் நோன்பை அறியாது. பகல் சாயும்போது சர்க்கரையும் சரிகிறது. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்க்கு இவ்வச்சம் மிகக் குறைவு. இந்தியா உட்பட 13 நாடுகளில், 2001-ஆம் ஆண்டு ரமலானை ஒட்டி நடந்த எபிடியார் ஆய்வு ஒன்றுண்டு. இரண்டாம் வகை நீரிழிவினருள் நூற்றுக்கு 79 பேர் 15 நாட்களுக்குக் குறையாமல் நோன்பு நோற்றிருந்தனர். அவ்வகையினரிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு, முந்தைய மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு மிகுந்திருந்தது.

மார்க்கம் இவ்வளவு கடுமையை விதிக்கவில்லை. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்கு விலக்களித்து, விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்க வழிசெய்கின்றன. நோற்கவே இயலாதவர்க்கு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் உண்டு. சலுகையைப் பெறுவது ஈமானின் குறைவு என்று எண்ணும் பெரியவர்களிடம் நான் பணிவுடன் கேட்பது ஒன்றே: அச்சலுகையை அளித்தவன் யார்?

ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். நோற்கலாமா என்பதையும், மாத்திரையின் வேளையையும் அளவையும் எவ்வாறு மாற்றுவது என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது ஆலிம்கள் பலரும் கூறும் தீர்ப்பு. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். ஸஹர் உணவைப் பிந்தி உண்பது நன்று, அது நபிவழியுமாகும்.

பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சியை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு கோப்பையோடு நிறுத்தத் தெரிந்தால் போதும். உடன் வரும் சமோசாவும் சர்பத்துமே பகலில் தாழ்ந்திருந்த சர்க்கரையை இரவில் செஞ்சி ராஜகிரியின் உச்சிக்கு ஏற்றிவிடுகின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாயிலாகச் சீயமங்கலம் போன்ற சிற்றூர்களிலும் மாத்திரைகளை வீட்டிலேயே பெறலாம். கொண்டுவரும் பெண்களிடம், நோன்பு வைக்கும் எண்ணத்தை நாணமின்றிச் சொல்லி, மருத்துவரிடம் செல்லும் நாளைக் கேட்டறியலாம். ஷஅபான் மாத ஜும்ஆவில் இமாம் இதனை ஒருமுறை அறிவிக்கலாம். பள்ளிவாசலில் ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வைத்திருக்கலாம். அதற்காகும் செலவு ஓர் இஃப்தார் விருந்தின் செலவில் சிறு பகுதிதான்.