அவர் சொல்லாத காரணம்

என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளைக்கு நான் அநியாயம் செய்தேன். என்ன நடந்தது என்பதை அலுவலகத்தில் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் ஜனநாயக சேவைகள் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். வெளியில் உள்ளவர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிகழ்ச்சி நிரல் போடுவது, அறிக்கைகளைத் துரத்தி வாங்கி வெளியிடுவது, தவிசாளரின் பக்கத்தில் இருந்து விதியைச் சொல்வது, மினிட்ஸ் எழுதுவது எல்லாம் நாங்கள்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத பெற்றோர் மேல்முறையீடு செய்தால், அதை விசாரிக்கும் குழுவுக்குச் சட்டம் சொல்லவும் பல இடங்களில் எங்கள் ஆட்களே போவார்கள்.

இந்த வேலையின் உயிர் ஒரு எளிய உரிமையில் இருக்கிறது. கவுன்சில் கூட்டத்துக்குப் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும் என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது புது எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சட்டத்துக்காக மட்டும் அவருக்கு நன்றி சொல்வேன். 1985இல் வந்த இன்னொரு சட்டம், அறிக்கைகளைக் கூட்டத்துக்கு முன்பே படிக்கும் உரிமையையும் தந்தது. இப்போது அதற்கு ஐந்து முழு நாட்கள் கொடுக்க வேண்டும். வெளியிடும் நாள் கணக்கில் வராது, கூட்ட நாளும் வராது, சனி ஞாயிறும் வராது. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் முந்தின வாரம் திங்கட்கிழமையே அறிக்கை வெளியில் இருக்க வேண்டும். பிந்தி வந்ததை எடுக்க ஒரே வழிதான் உண்டு. விசேட காரணத்தால் இது அவசரம் என்று தவிசாளர் கருத வேண்டும். அந்தக் காரணம் மினிட்ஸில் பதிவாக வேண்டும்.

அப்படிப் பிந்திய ஓர் அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. ஒரு சமூக மண்டபத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விடும் விஷயம். கூட்டம் செவ்வாய்க்கிழமை. தவிசாளர் எதுவும் சொல்லாமல் அதை எடுக்கப் போனார். பக்கத்தில் இருந்த பிள்ளை மெல்லக் குனிந்து, இது ஐந்து நாள் விதிக்குள் வரவில்லை, அவசரம் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மைக் திறந்திருக்க, “உங்கள் வேலை மினிட்ஸ் எழுதுவது” என்றார். அறை முழுக்கக் கேட்டது. அவள் தலையைத் தூக்கி, அதிகாரிகள் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். அதில் நான் படிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் தவிசாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். மினிட்ஸில் அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்றார். நான் அவளிடம் எழுதச் சொன்னேன். அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், தனியே இருக்கும்போது தமிழில்தான் பேசுவாள். “அக்கா, அவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே” என்றாள். எதிர்த்துப் பேசுகிற தொனி அதில் இல்லை. எனக்கு ஞாபகம் பிசகிவிட்டதோ என்று உண்மையாகவே யோசித்தாள். அவள் எழுதவில்லை. அந்த வரியை நானே தட்டச்சு செய்தேன். அடுத்த கூட்டத்தில் அது சரியான பதிவு என்று கையெழுத்தானது.

மறுபடியும் யோசிக்கும்போது, கோழைத்தனம் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் குற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு ஜனநாயக சேவை அலுவலர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைக்கும் பேசுகிற தொழிற்சங்கம் வேறு. இது தொழிலுக்கான சங்கம். பயிற்சி தருகிறது, தகுதிச் சான்றிதழ் தருகிறது, ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. இதைவிடப் பெரிது, ஒரு சிக்கல் வந்தால் இன்னொரு ஊரில் இதே கதிரையில் இருப்பவரிடம் கேட்கலாம். நான் கவுன்சில் செலவில் அதில் உறுப்பினராக இருந்தேன். அந்தப் பிள்ளை தன்னையும் சேர்த்துவிடும்படி கேட்டபோது, பட்ஜெட் இல்லை என்றேன். பயிற்சிக்குப் போகக் கேட்டபோது, மினிட்ஸ் எழுத என்ன படிப்பு என்றேன். பட்ஜெட் இருந்தது.

2021 ஏப்ரலை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது. கொரோனா காலத்தில் இணையவழிக் கூட்டத்துக்கு அனுமதி தந்த விதிகள் மே 7ஆம் தேதிக்கு முன் நடக்கும் கூட்டங்களுக்கு மட்டுமே பொருந்தின. அதற்குப் பிறகும் அப்படிக் கூடச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டு, ஹார்ட்ஃபர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலும் உள்ளாட்சி வழக்கறிஞர் அமைப்பும் எங்கள் சங்கமும் சேர்ந்து உயர் நீதிமன்றம் போயின. ஏப்ரல் 28இல் தீர்ப்பு எதிராக வந்தது. தோற்றாலும், எங்களுக்காக ஒரு சங்கம் நீதிமன்றம் வரை போனது. அது பற்றிச் சங்கம் வழியாக எனக்குக் கிடைத்த விளக்கங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை. படித்துவிட்டு, என் சொந்த அறிவு போல டீம் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. எனக்குக் கீழே இருப்பவர்கள் என்னைவிடக் கூடத் தெரிந்துகொள்வார்கள் என்று பயந்தேன். அகதியாக வந்து, இரவில் கடையில் நின்று, பகலில் படித்து, ஒருவரும் சொல்லித் தராமல் ஏறி வந்தவள் நான். தெரிந்ததைக் கையில் வைத்திருந்தால்தான் கதிரை நிலைக்கும் என்று நம்பினேன். பட்ட கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லி இதைக் கழுவ எனக்கு விருப்பமில்லை. என்னைப்போலவே வந்த பலர் கற்றதைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள்.

செஷயரில் ஹாண்ட்ஃபோர்த் என்ற சின்ன ஊரின் பாரிஷ் கவுன்சில் கூட்டம் ஒன்று 2021இல் காணொளியாக உலகம் முழுக்கப் பரவியது. கவுன்சிலர்கள் கத்த, ஜாக்கி வீவர் என்ற பெண் அமைதியாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்தக் கவுன்சிலின் ஊழியர் அல்ல. உள்ளூர் மன்றங்களின் கவுண்டிச் சங்கத்திலிருந்து உதவிக்கு வந்தவர் என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தடுமாறும் அலுவலருக்கு வெளியிலிருந்து ஒரு துணை தேவை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளைத் தனியே விட்டேன். ஆலோசனை கேட்க அவளுக்கு வேறொரு ஊரில் ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பதிவை மாற்ற எனக்குத் துணிவு வந்திருக்காது.

அவள் விலகி வேறு கவுன்சிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகே, சட்டமீறல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு அலுவலரிடம் போய்ச் சொன்னேன். பதிவு பிழை என்று பகிரங்கக் கூட்டத்தில் திருத்தம் வந்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். அது குறைவு என்றே நினைக்கிறேன். இப்போது எங்கள் பிரிவில் எல்லோரும் சங்க உறுப்பினர்கள். பயிற்சிக்குப் போய் வந்த ஒருவர், கவுன்சிலர்களின் சொந்த நலன் அறிவிப்புகளை நான் பதிவு செய்யும் முறையில் குறை இருக்கிறது என்றார். பார்த்தேன், அவர் சொன்னது சரி. மாற்றினோம்.

இதை வெளியிடலாமா என்று அவளுக்கு அனுப்பிக் கேட்டேன். “என்ர பேரைப் போடாதேங்கோ அக்கா. ஆனா அந்த மண்டபத்துச் சனத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கோ” என்று பதில் வந்தது.

நான் அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும் மட்டுமே எழுதியிருந்தேன். அந்த மண்டபத்தில் புதன்கிழமைகளில் தனியாக வாழும் முதியவர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அறிக்கை நேரத்துக்கு வந்திருந்தால் படித்திருப்பார்கள். கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கேட்டிருப்பார்கள். குத்தகை கையெழுத்தாகிவிட்டதால் அதைத் திருப்ப முடியவில்லை. அவர்களுக்குக் கவுன்சில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். காரணத்தைப் பொய்யாக எழுதியது யார் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.